சம்மணம் போட மூன்று மாதம்

என் மகளின் நிச்சயத்தன்று எடுத்த எல்லாப் படங்களிலும் நான் ஒருவன் மட்டும் உயரத்தில் இருக்கிறேன். மற்ற ஆண்களெல்லாம் கம்பளத்தில் சம்மணம் போட்டு வட்டமாக உட்கார்ந்திருக்க, நான் சாப்பாட்டு மேசையிலிருந்து இழுத்து வந்த நாற்காலியில், பஞ்சாயத்துக்குத் தீர்ப்புச் சொல்ல வந்தவனைப் போல முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு இருக்கிறேன். என் முகம் தெரியும் படங்களில் மாப்பிள்ளையின் தலை பாதிதான் தெரிகிறது. மாப்பிள்ளை முழுசாகத் தெரியும் படங்களில் எனக்கு முழங்கால் மட்டும்தான். படம் எடுத்தவர் என்ன செய்வார், பாவம்.

நடந்தது சிங்கப்பூரில், ஆங் மோ கியோவில் எங்கள் வீட்டுக் கூடத்தில்தான். சோபாவைத் தள்ளி, கம்பளம் விரித்து, மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்றோம். சம்பந்திக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. ஜாலான் புசாரில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். உள்ளே வந்தார், ஸலாம் சொன்னார், கையை எதிலும் ஊன்றாமல் அப்படியே இறங்கித் தரையில் உட்கார்ந்தார். சாப்பிடக் கூப்பிட்டபோது அதே மாதிரி எழுந்தார். அவரைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன் நான். அந்த நிமிடத்திலிருந்து அந்த நல்ல மனிதர்மேல் எனக்கு ஒரு கடுப்பு உண்டாகிவிட்டது.

எனக்கு வியாதி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. முப்பது வருஷமாகச் சாங்கி விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில், கவுண்டருக்குப் பின்னால் ஒரு சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். வேலைக்குப் போகும்போது பஸ்ஸில் உட்கார்ந்து போகிறேன், வீட்டுக்கு வந்து சோபாவில் உட்காருகிறேன். இப்படியே உட்கார்ந்து உட்கார்ந்து, உட்காரவே மறந்துபோன ஆள் நான். இடுப்பும் முழங்காலும் தொண்ணூறு டிகிரிக்கு மேல் மடங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டன. பள்ளிவாசலில் வரிசையின் ஓரத்தில் நாற்காலி போட்டுத் தொழுகிறவர்களோடு சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அங்கே எனக்குப் பக்கத்தில் இருப்பவர்களெல்லாம் எண்பது வயதுக்காரர்கள். என்னை 'தம்பி' என்பார்கள். அதில் ஒரு சந்தோஷமும் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

நிச்சயம் முடிந்து எல்லாரும் போன பிறகு, மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“வாப்பா, நிக்காஹ்வுக்கு எல்லாருக்குமே நாற்காலி போட்டுடலாம். இப்ப நிறைய பேரு அப்படித்தான் செய்றாங்க. மேசை போட்டு, பூவெல்லாம் வச்சு, நல்லாத்தான் இருக்கும் லா.”

“வேணாம். நான் கீழதான் உக்காருவேன்.”

“முடியாட்டி பரவால்ல வாப்பா.”

“யாரு முடியாதுன்னா?”

இதைத்தான் வாய்க்கொழுப்பு என்பது. ஆனால் உள்ளே வேறொன்றும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். நிக்காஹ்வில் பெண்ணின் தகப்பன் மாப்பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, என் மகளை உங்களுக்குக் கொடுத்தேன் என்று சொல்ல வேண்டும். நான் முப்பது வருஷமாக மேசைக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து, வந்த சரக்கை உரியவர்களிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குகிறவன். மகளையும் மேசை போட்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒப்படைக்க எனக்கு மனம் வரவில்லை. இருப்பது ஒரே பெண். முழங்காலோடு முழங்கால் முட்ட உட்கார்ந்து கொடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். முடவன் கொம்புத் தேனுக்கு ஆசைப்பட்ட கதைதான். கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருந்தது.

பாலிகிளினிக்கில் பார்த்த சீன டாக்டருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். காலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, முழங்காலில் பெரிய கோளாறு இல்லை, இடுப்புதான் இறுகிப்போயிருக்கிறது என்றார். “யோகா பழகுங்க அங்கிள். நீங்க இந்தியர்தானே, உங்களுக்கு ஈஸியா வரும்” என்றும் சொன்னார்.

நானும் பெரிய ரிஷி பரம்பரையில் வந்தவனைப் போலத் தலையாட்டினேன். எங்கள் குடும்பத்தில் எனக்குத் தெரிந்து யாரும் யோகா செய்ததில்லை. கடற்கரை ஊரிலிருந்து துணி மூட்டையும் வெங்காய மூட்டையுமாகக் கப்பல் ஏறி வந்த வியாபாரிகள் நாங்கள். விலையில் வளைந்து கொடுப்போம், உடம்பில் கிடையாது.

அன்று பஸ்ஸில் வரும்போதே கைத்தொலைபேசியில் தேடத் தொடங்கினேன். யோகா என்றால் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்குத் தலை சுற்றியது. சூடேற்றிய அறையில் செய்வது ஒன்று. நிற்காமல் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிக்கொண்டே செய்வது ஒன்று. ஒரே நிலையில் ஐந்து நிமிடம் கிடப்பது, கட்டையும் பட்டையும் வைத்து அளந்து அளந்து செய்வது, கூரையிலிருந்து தொங்கும் துணிக்குள் புகுந்து செய்வது, கர்ப்பிணிகளுக்கானது, நாய்க்குட்டிகளோடு செய்வது. நாய்க்குட்டியை உடனே தள்ளிவிட்டேன். கர்ப்பிணிகளுக்கானது கொஞ்சம் பொருந்தும்போல இருந்தது, வயிறு அந்த அளவுக்கு உண்டு. எல்லாவற்றிலும் 'புதியவர்களுக்கு ஏற்றது' என்று போட்டிருந்ததுதான் பெரிய இம்சை. யாராவது ஒருவராவது 'நீ வராதே' என்று எழுதியிருந்தால் தேர்ந்தெடுக்க வசதியாக இருந்திருக்கும்.

முதலில் எங்கள் பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் ஹஜ்ரத்திடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டேன். தொழுகை முடிந்து அவர் தனியாக இருந்த நேரமாகப் பார்த்துப் போய், சுற்றி வளைத்து விஷயத்தைச் சொன்னேன்.

“உடம்ப வளைக்கிறதுல என்ன தப்பு இருக்கு? மந்திரம் கிந்திரம்னா அத மட்டும் விட்டுடுங்க, மிச்சத்தச் செய்ங்க” என்றார். நான் நன்றி சொல்லித் திரும்பினேன். வாசல்வரை வந்ததும் பின்னாலிருந்து கூப்பிட்டார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “எனக்கும் இடுப்பு பிடிச்சுக்கிட்டு இருக்கு. நல்ல இடமா அமைஞ்சா சொல்லுங்க.”

வீட்டில் மட்டும் சொல்லவில்லை. கீழே உட்காருவேன் என்று மார்தட்டியவன், அதற்கு டியூஷன் வைத்துக்கொள்கிறேன் என்று எப்படிச் சொல்வது? நடக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். என் மனைவி அதைக் கேட்டதும், “ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமாங்க? நடந்தா மட்டும் கால் மடங்கிடுமா?” என்றாள். அந்தப் பழமொழியைச் சொன்னவர் என் இடுப்பைப் பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

முதலில் போனது சூட்டு யோகாவுக்கு. சூட்டில் உடம்பு இளகும் என்று போட்டிருந்தார்கள். எங்கள் சிங்கப்பூரில் அலுவலகம், ரயில், கடைத்தொகுதி என்று எங்கே போனாலும் குளிரூட்டி போட்டு நடுங்க வைப்பார்கள். நடு நகரத்தில் ஒரு கட்டடத்தின் பதினோராவது மாடியில், நம்மிடம் காசு வாங்கிக்கொண்டு வியர்க்க வைக்கிறார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. வாசலில் நின்ற வெள்ளைக்காரப் பெண்தான் ஆசிரியை. மற்றவர்களுக்கெல்லாம் 'ஹலோ' சொன்னவர், என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் கூப்பி, கண்ணை மூடி, 'நமஸ்தே' என்றார். என் வாய் ஸலாமுக்குப் பதில் சொல்லும் பழக்கதோஷத்தில் 'வஅலைக்கும்' என்று தொடங்கி, பாதி வழியில் திரும்பி 'குட் ஈவினிங் மேடம்' என்று முடிந்தது. அவர் அதையும் ஏதோ மந்திரம் என்று எடுத்துக்கொண்டார்போல. இன்னும் ஆழமாகக் குனிந்தார்.

உள்ளே போனோம். “வசதியாகச் சம்மணம் போட்டு உட்காருங்கள்” என்று வகுப்பைத் தொடங்கினார்.

அவ்வளவுதான், என் வகுப்பு முடிந்துவிட்டது. எதைப் படிக்க வந்தேனோ அது தெரிந்தவர்களுக்குத்தான் அங்கே பாடமே ஆரம்பிக்கிறது. இருபது பேர் மடமடவென்று காலை மடக்கி உட்கார, நான் சுவரைப் பிடித்து, பக்கவாட்டில் இறங்கி, இரண்டு காலையும் நீட்டிக்கொண்டு, கையைப் பின்னால் ஊன்றி, கடற்கரையில் காற்று வாங்குகிறவனைப் போல உட்கார்ந்திருந்தேன். மிச்ச ஐம்பத்தொன்பது நிமிடமும் வியர்வையைத் துடைப்பதில் போனது. அதை மட்டும் குறையில்லாமல் செய்தேன்.

சரி, சூடுதான் நமக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று, அடுத்த வாரம் தாவிக்கொண்டே செய்யும் வகையைப் பிடித்தேன். அதில் உட்காரவே நேரம் இருக்காது என்பது என் கணக்கு. ஆனால் அதுவும் சம்மணத்தில்தான் தொடங்கியது. பிறகு எழுந்தார்கள், குனிந்தார்கள், படுத்தார்கள், பாம்பு மாதிரி நிமிர்ந்தார்கள், மறுபடியும் எழுந்தார்கள். எல்லாரும் என்னைவிட முப்பது வயது சின்னவர்கள். அவர்கள் நிமிரும்போது நான் குனிந்துகொண்டிருந்தேன், அவர்கள் படுக்கும்போது நான் நிமிர்ந்துகொண்டிருந்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் நான் ஏதோ எதிர்க்கட்சி என்று தோன்றியிருக்கும். ஆடத் தெரியாதவள் தெருக் கோணல் என்றாளாம். நானும் வெளியே வந்து, இடம் ரொம்பக் குறுகல் என்று வரவேற்பில் இருந்த பெண்ணிடம் குறைசொல்லிவிட்டு வந்தேன்.

மூன்றாவதாகப் போனது ஒரே நிலையில் கிடக்கும் வகை. விளக்கைக் குறைத்து, தலையணை கொடுத்து, தாராளமாகக் கிடக்கச் சொன்னார்கள். அதிலும் சம்மணம்தான் முதலில் வந்தது. ஆனால் இருட்டில் நான் காலை நீட்டியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. பிறகு படுக்கச் சொன்னார்கள். அதில் எனக்குப் பிறவித் திறமை என்று அன்று தெரிந்தது. ஆசிரியை என் தோளைத் தொட்டு எழுப்பியபோது அறையில் நானும் அவரும்தான் இருந்தோம். பக்கத்துப் பாயில் இருந்த பெண் குறட்டை காரணமாகப் பாதியிலேயே இடம் மாறிப் போனதாக மிகவும் பணிவோடு சொன்னார்.

இவர்களுக்கு என்ன தெரியும், நம் ஆள் ஒருவரிடம் தமிழில் சொன்னால் புரிந்துகொள்வார் என்று நான்காவது வாரம் லிட்டில் இந்தியாவுக்குப் போனேன். பழைய கடைவீடு ஒன்றின் மாடி. கீழே பூக்கடை. தமிழ்நாட்டிலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகாத இளம் மாஸ்டர், மிகவும் மரியாதையானவர். மாடிப்படி ஏறிய களைப்பில் நான் மூச்சு வாங்கியதைப் பார்த்து, தண்ணீர் கொடுத்து, எந்த ஊர் என்று விசாரித்தார்.

“சார், முதல்ல சும்மா சம்மணம் போட்டு உக்காருங்க. மூச்சுப் பயிற்சில இருந்து ஆரம்பிக்கலாம்.”

“தம்பி, அதுதான் வரல. அதுக்காகத்தான் வந்திருக்கேன்.”

அவருக்குப் புரியவில்லை. “இல்ல சார், ஆசனம் எதுவும் வேணாம். சாதாரணமா வீட்ல சாப்பிட உக்காருவோம்ல, அந்த மாதிரி உக்காருங்க.”

“வீட்ல சாப்பாட்டு மேசை தம்பி.”

“சரி சார், கல்யாண வீட்ல?”

“அதுதான் தம்பி பிரச்சினையே.”

அவர் என்னைக் கிண்டல் பண்ணவில்லை. தமிழ் பேசுகிற ஒரு மனிதனுக்குச் சம்மணம் போட வராது என்பது அவர் நினைத்துப் பார்க்காத விஷயம், அவ்வளவுதான். மீனுக்கு நீந்தச் சொல்லித் தரும்படி கேட்டவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். என் முழங்காலைப் பிடித்து அன்போடு ஓர் அழுத்து அழுத்தினார். நான் போட்ட சத்தத்தில் கீழே பூக்கடைக்காரர் மேலே எட்டிப் பார்த்தார். அவசர வேலை வந்துவிட்டது என்று சொல்லி இறங்கி, பக்கத்துக் கடையில் இரண்டு வடை சாப்பிட்டு, ஒரு கோப்பைத் தே குடித்தேன். அங்கே மேசை நாற்காலி போட்டிருந்தார்கள். அழுகை வரும்போல இருந்தது, உண்மையாகவே. எட்டு வாரம்தான் மிச்சம், நான் இன்னும் எந்த வகுப்பிலும் முதல் நிமிடத்தைத் தாண்டவில்லை.

கடைசியில் நான் போய்ச் சேர்ந்த இடம், என் அடுக்குமாடி புளோக்கிலிருந்து ஐந்து நிமிட நடையில் இருக்கும் சமூக மன்றம். கட்டையும் பட்டையும் வைத்துச் செய்யும் வகை. தேர்ந்தெடுத்தேன் என்று சொல்ல மாட்டேன். வேறு எதுவும் மிச்சமில்லை, பக்கத்திலும் இருந்தது. ஆசிரியை ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி டீச்சர், சீனப் பெண்மணி, அறுபத்தைந்து வயது இருக்கும். படிக்க வந்தவர்கள் பன்னிரண்டு சீன ஆன்ட்டிகள். ஆண் நான் ஒருவன், இந்தியனும் நான் ஒருவன். அங்கே எல்லாரும் பேசியது சிங்கப்பூர் ஆங்கிலம்தான், நான் தமிழில் எழுதுகிறேன்.

யார் கண்ணிலும் படக்கூடாது என்று பின்வரிசையில், நடுவில் நின்றேன். அன்று டீச்சர் நின்றபடி செய்யும் பயிற்சிகளில் தொடங்கினார், அல்ஹம்துலில்லாஹ். ஒரு காலை முன்னால் வைத்து, கையை விரித்து, பக்கவாட்டில் சாய வேண்டும். எனக்கு வலப்பக்கம் சாயவில்லை. ஆகவே இடது முழங்காலை ஒடித்து, வாயைத் திறந்துகொண்டு, கையை மட்டும் மேலே தூக்கி ஒரு மாதிரி சமாளித்தேன். அடுத்ததிலும் அப்படித்தான், இன்னும் கொஞ்சம் கேவலமாக. பத்து நிமிடம் போனது. முன்வரிசையைத் திருத்திக்கொண்டிருந்த டீச்சர் நிமிர்ந்து எங்கள் வரிசையைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

நானும் திரும்பிப் பார்த்தேன். எனக்கு இந்தப் பக்கம் மூன்று ஆன்ட்டிகள், அந்தப் பக்கம் மூன்று ஆன்ட்டிகள். ஆறு பேரும் இடது முழங்காலை ஒடித்து, வாயைத் திறந்துகொண்டு, கையை மேலே தூக்கி நின்றார்கள்.

“ஏன் எல்லாரும் இப்படி நிக்கிறீங்க?” என்றார் டீச்சர்.

“இந்த அங்கிள் இப்படித்தான் செய்றாரு” என்றார் என் வலப்பக்கத்து ஆன்ட்டி.

“அவர் செஞ்சா நீங்களும் செய்றதா?”

“அவரு இந்தியர் லா, டீச்சர். அவங்க ஊருச் சாமான். அவருக்குத் தெரியாதா?”

என் இடப்பக்கத்து ஆன்ட்டி என்னைப் பார்த்து, வாயை எவ்வளவு திறக்க வேண்டும் என்று கேட்டார். போன மாதம் முழுக்கப் பொய் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். வீட்டில் பொய், வரவேற்பில் பொய், மாஸ்டரிடம் பொய். ஆனால் வயதான பெண்கள் ஆறு பேர் என்னை நம்பி முழங்காலை ஒடித்துக்கொண்டு நிற்கும்போது இன்னொன்று சொல்ல முடியவில்லை. எனக்கு ஒன்றுமே தெரியாது, தரையில் உட்காரக்கூடத் தெரியாது, மகள் கல்யாணத்துக்காக வந்தேன் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். ஆறு பேரும் மெதுவாக முழங்காலை நேராக்கிக்கொண்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

டீச்சர் அலமாரியைத் திறந்து நான்கு கனத்த போர்வைகளை எடுத்து வந்தார். மடித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அதன்மேல் என்னை உட்காரச் சொன்னார். முக்காலி உயரம் இருந்தது.

“உங்களால தரைக்குப் போக முடியல. அதனால தரை கொஞ்சம் மேல வரட்டும்” என்றார். “இப்ப காலை மடக்குங்க.”

மடக்கினேன். மடங்கியது. முழங்கால்கள் இரண்டும் காது உயரத்தில் நின்றன, அது வேறு விஷயம். ஆனால் கால் மேல் கால் சேர்ந்துவிட்டது. பின்வரிசை ஆன்ட்டிகள் கைதட்டினார்கள். ஐம்பத்தெட்டு வயதில், சம்மணம் போட்டதற்குக் கைதட்டல் வாங்கிய தமிழன் நானாகத்தான் இருப்பேன். வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

யோகாவில் எந்த வகை நல்லது என்று இப்போது யாராவது என்னிடம் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. முதல் நிமிடத்தில் தோற்றுப்போகிறவனைப் பார்த்து, அங்கேயே நின்று, அலமாரியைத் திறக்கிற ஆள் எங்கே இருக்கிறாரோ அங்கே போங்கள் என்பேன். ஹஜ்ரத்துக்கும் அதையே சொன்னேன். அவர் பன்னிரண்டு ஆன்ட்டிகள் என்றதும் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டார்.

இரண்டு வாரத்துக்கு ஒரு போர்வையை உருவுவது என்று டீச்சர் திட்டம் போட்டார். சனி, ஞாயிறு காலையில் வகுப்பு. மற்ற நாட்களில் வீட்டில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குளிர்காலப் பயணத்துக்கு வாங்கிய போர்வைகளை அடுக்கிவைத்துப் பழகினேன். வகுப்பில் என் பெயர் யாருக்கும் தெரியாது. நான் உள்ளே வந்ததும், “அங்கிள், எத்தனை?” என்பார்கள். மூன்று என்பேன். அடுத்த மாதம் இரண்டு என்றேன். ஒரு ஆன்ட்டி முழங்காலில் தேய்க்க ஏதோ எண்ணெய் கொண்டுவந்தார். இன்னொருவர், உட்கார்ந்ததும் எனக்குக் கால் பிடித்துக்கொள்வதை மறக்கவைக்க, மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறார், நல்லவரா, குடிப்பாரா, சமைப்பாரா என்று கேட்டுக்கொண்டே இருப்பார். என் மகளைப் பற்றி அந்தப் பெண்களிடம் பேசிய அளவுக்கு நான் என் மகளிடம் பேசியதில்லை. அவர்களைக் கல்யாணத்துக்குக் கூப்பிட வேண்டும் என்று நாக்கு துடித்தது. கூப்பிட்டால் குட்டு உடைந்துவிடும் என்று கூப்பிடாமல் விட்டேன். இன்றைக்கும் அது உறுத்துகிறது. பிறகு பன்னிரண்டு பிரியாணிப் பொட்டலத்தோடு போய் நின்றதெல்லாம் அதற்கு ஈடாகாது.

கல்யாணத்துக்கு முந்தின ஞாயிறு ஒரு போர்வைக்கு வந்துவிட்டேன். அந்த ஒன்றுக்குப் பதில் தொழுகை விரிப்பை நான்காக மடித்து வைத்துக்கொள்ளலாம், பள்ளிவாசலில் யாருக்கும் வித்தியாசமாகத் தெரியாது என்று நானே கண்டுபிடித்தேன். பதினைந்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்து காட்டினேன். டீச்சர் கடிகாரத்தைப் பார்த்துத் தலையாட்டினார். சம்பந்தியை மனதுக்குள் சவாலுக்கு அழைத்தேன்.

நிக்காஹ், லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்துப் பள்ளிவாசல் ஒன்றில் நடந்தது. இருநூறு பேர் இருக்கும். மனைவியும் மகளும் பெண்கள் பக்கம். விரிப்பை மடித்துப் போட்டு, பிஸ்மி சொல்லி, மெதுவாக இறங்கி, காலை மடக்கி மாப்பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்தேன். முழங்கால்கள் தரையைத் தொடாவிட்டாலும் தரைக்குப் பக்கத்து வீட்டுக்காவது வந்திருந்தன. சம்பந்தி என்னைப் பார்த்து, “மாஷா அல்லாஹ், நல்லா இருக்கீங்க” என்றார். மூன்று மாதக் கடுப்பும் அந்த ஒரு வார்த்தையில் போய்விட்டது.

நிக்காஹ் நடத்திவைக்கும் காஜியார் குத்பாவைத் தொடங்கினார். நல்ல பேச்சு, ஆனால் நீளம். கணவன் கடமையைச் சொன்னார், மனைவி கடமையைச் சொன்னார், மாமனார் மாமியார் கடமைக்கும் வந்தார். பதினைந்து நிமிடம் எப்போதோ போய்விட்டது. இடது கால் முதலில் எரிந்தது, பிறகு குத்தியது, பிறகு இல்லாமலே போய்விட்டது. அப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் பளிச்சென்று பட்டது. எட்டு வாரமும் நான் உட்காரத்தான் படித்தேன். வகுப்பில் எழுந்திருக்கும்போது பக்கவாட்டில் சரிந்து, குப்புறத் திரும்பி, தவழ்ந்து போய்ச் சுவரைப் பிடித்துக்கொள்வேன். யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். இங்கே சுவர் இருபதடி தூரத்தில் இருந்தது. நடுவில் இரண்டு வீட்டுச் சொந்தமும், மூன்று கேமராவும்.

காஜியார் கையைப் பிடிக்கச் சொன்னார். மாப்பிள்ளையின் கை ஈரமாக, சில்லென்று இருந்தது. அவருக்கும் பயம்தான் என்று தெரிந்ததும் அவர்மேல் பாசம் வந்தது. எங்கள் முழங்கால்கள் முட்டிக்கொண்டிருந்தன. பேசிய மஹர் தொகைக்கு என் மகளை உங்களுக்கு நிக்காஹ் செய்து கொடுத்தேன் என்று சொன்னேன். ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன், நடுவில் நிற்கவில்லை. நின்றிருந்தால் மிச்சம் வந்திருக்காது. அவர் ஏற்றுக்கொண்டேன் என்றார். துஆ ஓதினார்கள். எல்லாரும் எழுந்தார்கள், சம்பந்தியும் வழக்கம்போலக் கை ஊன்றாமல் எழுந்தார்.

நான் எழவில்லை. துஆ முடிந்ததுமே மாப்பிள்ளை மறுபடியும் என் கையைப் பிடித்திருந்தார். பையன் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று நினைத்து, போகட்டும் என்று கையை உருவப் பார்த்தேன். அவர் இன்னும் இறுக்கிப் பிடித்தார். குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிப் பேசினார்.

“கைய விடாதீங்க மாமா. அவ முன்னாடியே சொல்லிட்டா.”

“என்ன சொன்னா?”

“வாப்பா எப்படியாவது பழகி உக்காந்துடுவாங்க, எழுந்திரிக்கத்தான் வராது, நீங்க கைய விட்டுடாதீங்கன்னு.”

அவளுக்கு எப்படித் தெரிந்தது, எத்தனை நாளாகத் தெரியும் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. மாப்பிள்ளை ஒன்று, இரண்டு என்று மெதுவாக எண்ணி, மூன்று என்றதும் இழுத்தார். எழுந்துவிட்டேன், ஆனால் இடது கால் இல்லாததால் அப்படியே அவர்மேல் சாய்ந்தேன். அவர் இரண்டு கையாலும் என்னைப் பிடித்துக்கொண்டார். மாமனும் மருமகனும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள் என்று எல்லாரும் நெகிழ்ந்துபோனார்கள், கேமராக்காரர் ஓடி வந்தார். கால் மரத்துப்போனதால் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. காலில் ரத்தம் ஓடி, உள்ளங்கால் தரையை உணர்ந்து, தனியாக நிற்க முடிந்த பிறகும், நான் அவரை விடவில்லை.